ஒரு பக்கத்துக்குள் காதல் – 9: கபிலர் இருமுறை சொன்ன கதை

முதல் வாக்கியத்துக்குள்ளேயே இருவரும் எதிரெதிரே நின்றுவிட வேண்டும், பிறப்பு வளர்ப்பு விவரங்களுக்கு ஒரு பக்கக் கதையில் இடமில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து வாசித்துவரும் நேயர்களுக்கு அதற்கு மேல் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரம் முடிவைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கான குறிப்புகளும் மேஜை மேல் தயாராகவே இருக்கின்றன. ஆனால், மங்கலம்பேட்டையிலிருந்து புதன்கிழமைத் தபாலில் கட்டுரை புறப்பட்டாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கையில், வேறு ஏதோ ஒன்றைச் சரிபார்ப்பதற்காக ஐங்குறுநூற்றைக் கையில் எடுத்தவன், அதில் கபிலர் பாடிய நூறு பாட்டுக்குள் புகுந்து, அங்கிருந்து அவருடைய குறிஞ்சிப்பாட்டுக்குத் தாவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனத்தில் உண்டான ஆனந்தத்தை நேயர்களிடம் சொல்லாமல் அப்பால் நகர எனக்கு மனம் வரவில்லை.

ஒரே புலவர், ஒரே திணை, அதே மலைநாட்டு இளைஞன், அதே தினைப்புனத்துப் பெண், அவளுக்கு அதே உயிர்த்தோழி. இவர்களுடைய காதலை ஒருமுறை 261 அடிகளில் விஸ்தாரமாகச் சொன்ன மனிதர், மற்றொரு முறை மூன்றடி நான்கடிகளில் சொல்லியிருக்கிறார். காதல் கதையைச் சுருக்குவது எப்படி என்று கேட்கிற இன்றைய எழுத்தாளனுக்கு இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் ஏது? ஒரே கைப்பட எழுதிய நெடுங்கதையும் குறுங்கதையும் நம் கையில் இருக்கின்றன. எதை வைத்தார், எதை விட்டார் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நெடியதை முதலில் பார்ப்போம். குறிஞ்சிப்பாட்டில், மகள் மெலிந்துபோவதைக் கண்டு காரணம் தெரியாமல் குறி கேட்டும் தெய்வங்களுக்குப் பூஜை போட்டும் தவிக்கிற செவிலித்தாயிடம், தோழி மெல்லப் பேச்சைத் தொடங்கி நடந்ததையெல்லாம் சொல்கிறாள். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போனோம், அருவியில் ஆடினோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம் என்று தொடங்கி, தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, வேட்டை நாய்கள் சூழ்ந்துகொண்டதையும், அந்நாய்களுக்குரியவன் வந்து இனிய சொல் சொல்லி நின்றதையும், மதயானை வந்ததையும், அவன் அம்பெய்து அதைத் திருப்பியதையும், அதன்பின் அவன் மலையுச்சித் தெய்வத்தை வணங்கி அருவி நீரைக் கையால் அள்ளிக் குடித்து இவளைப் பிரியேன் என்று சூளுரைத்ததையும், மாலை கவிந்ததையும், அன்று முதல் இரவுதோறும் காவல்களையும் காட்டு விலங்குகளையும் கடந்து அவன் வருவதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கிறாள். காதலுக்குச் சாட்சி சொல்லி நிற்கும் இந்தச் செயலுக்கு நம் முன்னோர் அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்டார்கள். சினிமாவுக்கு வேண்டிய சகலமும் அதில் இருக்கிறது.

அந்த மலர் வரிசையைப் பற்றி ஒரு செய்தி. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கப் பாடுபட்ட காலத்தில், கிடைத்த ஏடுகளில் இந்தப் பகுதி சிதைந்து, சில மலர்களின் பெயர்கள் காணாமல் போயிருந்தன. அவர் மனம் பொறுக்காமல் தேடியலைந்து, கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏடுகளிடையே அந்தப் பகுதியைக் கண்டெடுத்தார். அந்தப் பெரியவரின் சிரத்தைக்கு எத்தனை வணக்கம் செலுத்தினாலும் தகும். ஆயினும் கதை எழுதுகிறவன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பூக்கள் கிடைக்காமலே போயிருந்தாலும் குறிஞ்சிப்பாட்டின் காதலுக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. ஐந்நூறு பாட்டுக் கொண்ட ஐங்குறுநூற்றிலோ 129, 130 என்ற எண்ணுடைய இரண்டு பாடல்கள் நமக்குக் கிடைக்கவேயில்லை. அவற்றோடு, அவற்றில் பேசிய இரண்டு பேரின் உள்ளங்களும், அவர்கள் நின்ற துறைகளும் சுவடின்றிப் போயின. நெடிய படைப்பு தன் அங்கங்களில் சிலவற்றை இழந்தும் உயிர்வாழ்கிறது. குறியது முழுதாக இருக்கும், அல்லது இல்லாமலே போய்விடும். ஒரு பக்கக் கதையில் ஒரு சொல்லை எடுத்தால் கதை சரிந்துவிட வேண்டும் என்று இத்தொடரில் நான் வற்புறுத்தி வருவது இந்தக் காரணத்தினால்தான்.

இனிக் குறியதைப் பார்ப்போம். ஐங்குறுநூற்றில் 201 முதல் 300 வரையுள்ள குறிஞ்சிப் பாடல்கள் கபிலருடையவை. பத்துப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். தாயையோ தோழியையோ விளித்துத் தொடங்கும் பத்து, கிளியைப் பற்றிய பத்து, மயிலைப் பற்றிய பத்து, குரங்கைப் பற்றிய பத்து என்று வாரப் பத்திரிகையின் தொடர் அம்சங்களைப் போலவே அவை வரிசையாக வருகின்றன. மூன்றடிக்குக் குறையாமல், ஆறடிக்கு மேற்படாமல் பாட வேண்டும் என்பது அந்தத் தொகைக்கு விதித்த எல்லை. பத்திராதிபர் ஒதுக்கிய இடத்துக்குள் கதையை அடக்குகிற வித்தை நமக்கு நேற்று வந்ததன்று. அடியளவை வைத்தே காதற் பாட்டுக்களைத் தரம் பிரித்துத் தொகுத்த சமூகம் நம்முடையது. நான்கு முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு என்று அவர்கள் அளந்து வைத்த அளவுகோலை எண்ணும்போதெல்லாம், அந்தத் தொகையாசிரியர்களுக்கும் இன்று பக்கம் கணக்கிடும் உதவியாசிரியருக்கும் ஏதோ பந்துத்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்த நூறில் 203-ஆம் பாட்டு என்னைத் தூங்கவிடவில்லை. காதலனோடு புறப்பட்டுப் போய்விட்ட பெண் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறாள். தோழி கேட்கிறாள்: அவன் ஊரில் நல்ல தண்ணீரே கிடையாதே, எப்படிக் குடித்தாய்? அதற்கு அவள் சொல்லும் பதிலே பாட்டு. நம் வீட்டுத் தோட்டத்துத் தேனைப் பாலில் கலந்து குடித்ததைக் காட்டிலும், அவன் நாட்டில் இலை தழை மூடிய பள்ளத்தின் அடியில், மான் குடித்துவிட்டுப் போனபின் மிஞ்சிய கலங்கல் தண்ணீர் இனியதாக இருந்தது என்கிறாள். கருத்து அவ்வளவுதான், அடிகள் நான்கு. அவன் அழகன் என்று அவள் சொல்லவில்லை. என்னை நன்றாக வைத்துக்கொள்கிறான் என்றும் சொல்லவில்லை. அன்பு என்ற பேச்சே எழவில்லை. கேட்டது தண்ணீரைப் பற்றி. சொன்னதும் தண்ணீரைப் பற்றி. கேட்டவளுக்கும், பதினெட்டு இருபது நூற்றாண்டு கழித்து விருத்தாசலம் தாலுகாவின் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் இரண்டு பாட்டும் என் மனத்தில் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. நெடும்பாட்டில் காதலன் அருவியின் தெளிந்த நீரைக் குடித்துச் சத்தியம் செய்கிறான். குறும்பாட்டில் காதலி அவன் ஊர்க் கலங்கல் நீரைக் குடித்து அந்தச் சத்தியத்தை மெய்யாக்குகிறாள். முன்னதில் யானையும் நாயும் தெய்வமும் சாட்சி நிற்க நிகழ்ந்த பெரிய சபதம். பின்னதில் வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சு. கபிலர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரென்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் எவருக்கும், எந்தத் தண்ணீர் அதிகக் காதலைச் சுமக்கிறது என்பதில் சந்தேகம் எழாது. என் ஓட்டு மான் மிச்சம் வைத்த தண்ணீருக்கே.

அப்படியானால் குறிஞ்சிப்பாட்டை அவர் ஏன் அத்தனை நீளமாகப் பாடினார்? இதற்குரிய பதிலை நம் முன்னோரே எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். இந்த வாரம் முழுவதும் என்னை ஆட்டிவைத்த செய்தியும் அதுதான். ஆரிய அரசன் பிரகத்தன் என்பவனுக்குத் தமிழின் சுவையை அறிவிப்பதற்காகக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று பழங்குறிப்புச் சொல்கிறது. எவ்வளவு அர்த்தமுள்ள குறிப்பு! கேட்கிறவன் அந்நியன். தினைப்புனம் என்றால் அவனுக்குப் பயிர் மட்டுமே. இங்குள்ளவனுக்கோ அது காதலர் சந்திக்கும் இடம். இரவில் வருகிற தலைவன் எத்தகைய ஆபத்துக்களைத் தாண்டி வருகிறான், களவு வெளிப்பட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன நேரும், தோழி வாய் திறப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஆகவே பூ முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தமிழனுக்குச் சொல்லும்போது அதே கபிலருக்கு நான்கடி போதுமாக இருந்தது.

ஒரு காதல் கதை எத்தனை பக்கம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கதையில் நிகழும் சம்பவங்களின் தொகையன்று. வாசகன் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து சேர்க்கும் அறிவின் அளவுதான் என்ற என் அபிப்பிராயத்துக்கு, பிரகத்தனைப் போன்ற சாட்சி வேறு கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரன் என்ற உரிமையோடு இங்கே ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். பாரி இறந்தபின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் வந்து சேர்ந்த திருக்கோவலூர், மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக வடக்கே சென்றால் எட்டிவிடக்கூடிய ஊர்தான். தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள்; பெண்களை ஒப்படைத்துவிட்டு அவர் அங்கே தீப்புகுந்ததை, வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. நட்புக்காக உயிர்விட்டவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம்; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு சிறிய இடத்துக்குள் இவ்வளவு பெரிய காதலை வைத்துக் காட்டிய முதல் வரிசைக் கதைக்காரர் நம் ஆற்றங்கரையில் அடங்கியிருக்கிறார் என்பதை இந்தப் பிரதேசத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மீண்டும் அந்தப் பாட்டுக்கு வருவோம். அவள் உடன்போய் மீண்டவள், தோழி இன்னது கேட்டாள் என்ற விவரங்களெல்லாம் பாட்டுக்குள் இல்லை. அவை பாட்டின் அடியில் உள்ள துறைக் குறிப்பில் இருக்கின்றன. யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லியது என்பதை ஒரே வாக்கியத்தில் தெரிவிக்கும் இந்தக் குறிப்புக்கள் புலவர்கள் எழுதியவையல்ல, பின்னால் வந்தவர்கள் வகுத்தவை என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. எப்படியாயினும், அவை செய்கிற உபகாரம் பெரிது. மேடையை அவை அமைத்துக் கொடுத்துவிடுகின்றன. பாட்டு நேரே பேசத் தொடங்கிவிடலாம். காதலர் இருவருக்கும் பெயர் சூட்டக் கூடாது என்று தொல்காப்பியர் விதித்ததும் இதே சிக்கனத்தோடு சேர்ந்ததுதான். பெயரில்லாத பெண் எந்த வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாமல்லவா?

நம் வாரப் பத்திரிகையில் அந்தத் துறைக் குறிப்பின் வேலையைத் தலைப்பும் படமும் பங்கிட்டுக்கொள்கின்றன. 1947-இல் எஸ். ஏ. பி. அண்ணாமலை அவர்கள் தொடங்கிய குமுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரா. கி. ரங்கராஜன், ஜ. ரா. சுந்தரேசன், புனிதன் ஆகியோர் உடனிருந்து வளர்த்த அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கக் கதை என்பது வாசகர்கள் பெயர் சொல்லித் தேடிப் பிரிக்கிற பகுதியாக நிலைபெற்றது. தலைப்புக்கும் படத்துக்கும் இடம் போக மிஞ்சும் பாகத்தில் ஏறக்குறைய முந்நூறு சொற்கள் அடங்கலாம். வாசகருடைய கண் முதலில் படத்தின் மேல் விழுகிறது. ஜன்னலோரம் ஒரு பெண், வாசலில் பெட்டியோடு ஓர் இளைஞன் என்று மாருதியோ ஜெயராஜோ மணியம் செல்வனோ வரைந்து கொடுத்துவிட்டால், அவள் அழகி என்பதையும், அவன் இப்போதுதான் ஊரிலிருந்து வருகிறான் என்பதையும், வீடு நடுத்தர வர்க்கத்து வீடு என்பதையும் எழுத்தாளன் எழுத வேண்டிய அவசியமில்லை. அப்படியும் எழுதுகிறார்கள்! படத்தில் மல்லிகைப் பூவைச் சூடிக்கொண்டு நிற்கிறவளுக்குக் கதையின் முதல் பத்தியில் மறுபடியும் ஒரு முறை மல்லிகை சூட்டிவிடுகிறார்கள். முந்நூறு சொல்லில் முப்பது சொல்லை இப்படி இழப்பது எனக்கு உண்மையாகவே மனவேதனை தருகிற விஷயம்.

படத்தால் கெடுதலும் உண்டு. கடைசி வரியில் வெளிப்பட வேண்டியதைப் படம் முன்கூட்டியே காட்டிவிட்டால் வாசகர் கதையை வாசிப்பதேன்? முடிவில் நிகழ்வதை வரையச் சொல்லக் கூடாது. நடுவில் நிகழ்வதை வரையச் சொல்ல வேண்டும். துறைக் குறிப்பு எழுதியவர்கள் இதில் மகா நிபுணர்கள். கேள்வியைச் சொல்வார்கள், பதிலைப் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள்.

இந்தக் கதைகளை யார், எப்போது வாசிக்கிறார்கள் என்பதையும் கருத வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷனில் விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு திசைக்கும் பாதை பிரிகிறது. ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டிக்காகக் காத்திருக்கும் பிரயாணிகள் அங்கே எப்போதும் இருப்பார்கள். கையில் பத்திரிகை வைத்திருப்பவரின் காதில் ஒலிபெருக்கி அறிவிப்பு விழுந்துகொண்டேயிருக்கிறது, மடியில் குழந்தை, காலடியில் மூட்டை. அவருடைய கவனம் பாதிதான் நமக்குக் கிடைக்கும் என்று எழுத்தாளன் குறைப்பட்டுக்கொள்வது நியாயமாகாது. அந்தப் பாதிக் கவனத்தோடு அவருடைய முழு வாழ்க்கை அனுபவமும் சேர்ந்து வருகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டோடு நின்றது, தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது புருஷன் கடிதத்துக்குக் காத்திருந்தது, தினமும் ஒரே பஸ்ஸில் ஏறியவளின் பெயரைக் கடைசிவரை கேட்காமலே விட்டது என எல்லாமே அவருக்குத் தெரியும். பிரகத்தனுக்கு எழுதுவது போல அவருக்கு எழுதினால் அது அவரை அவமதிப்பதேயாகும்.

ஓர் உதாரணம் கற்பனை செய்து பார்க்கிறேன். ஆடி மாதம், புதிதாகக் கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் வாழப் போன பெண்ணை மங்கலம்பேட்டையிலுள்ள தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். சாயங்காலம், அடுத்த வீட்டுச் சிநேகிதி வந்து உட்காருகிறாள்.

“ஏண்டி, உங்க ஊருத் தண்ணி ஒரே உப்பாமே? வாயில வெக்க முடியாதுன்னு எங்க சித்தி சொல்லிச்சு. எப்படித்தான் குடிக்கிறியோ!”

அவள் சொம்பிலிருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்து, கீழே வைக்கிறாள்.

“அதெல்லாம் ஒண்ணும் தெரியலடி. இங்க வந்து நாலு நாளாச்சு, நம்ம கெணத்துத் தண்ணிதான் சப்புன்னு இருக்கு.”

கதை இங்கே நின்றுவிட வேண்டும். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள், புருஷன் வரக் கூடாது, அவர்கள் பிரிந்திருக்கும் முதல் மாதம் அது என்பதெல்லாம் வாசகர் அறிந்த சம்பிரதாயம். ஆடி என்ற ஒரே சொல் அத்தனையையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. இதற்குமேல், ‘அவள் கண்கள் கணவனின் நினைவில் பனித்தன’ என்று ஒரு வரி சேர்த்தாலும் கதை செத்துவிடும். இது கபிலருடைய கதையேதான். நான் சேர்த்ததெல்லாம் மாதத்தையும் உப்பையுமே. அத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அது அப்படியே நடமாடுகிறதென்றால், குறுங்கதையின் பலம் அதன் புதுமையில் இல்லை என்பது நிச்சயம். தன் வாழ்வில் ஏற்கெனவே கண்டிருந்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றை மற்றொருவர் வாயால் கேட்கும்போது உண்டாகும் சந்தோஷமே வாசகரைப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளச் செய்கிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சுலபமாக விளங்கும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்றிச் சிறிது நேரம் வைக்கிறார்கள். அச்சு தன்னருகிலுள்ள கூழின் ஈரத்தை உறிஞ்ச, உட்சுவரில் மெல்லிய ஒரு படலம் கெட்டிப்படுகிறது. நடுவில் நிற்கும் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அச்சைத் திறந்தால் முழு உருவம் நிற்கிறது, உள்ளே வெறுமை. வாசகருடைய அனுபவமே அந்த அச்சு. அதில் ஒட்டிய படலம் மட்டுமே கதை. நடுவிலிருப்பதைக் கொட்ட மனம் வராதவருடைய உருவம் சூளையில் வெடித்துப்போகும்.

மணிக்கொடி எழுத்தாளர்களில் இந்தக் கொட்டிவிடும் கலையை நன்றாக அறிந்தவர் கு. ப. ராஜகோபாலன். அவருடைய கதைகள் ஒரு பக்கத்தில் அடங்குபவையல்ல; ஆனாலும் ஆண் பெண் உறவின் நுட்பங்களை, பாதியில் நிறுத்திய ஒரு பேச்சால், திறந்து மூடிய ஒரு கதவால் உணர்த்துவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். மேலூரில் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகத்திலிருந்த அவருக்குக் கண்ணில் புரை படர்ந்து பார்வை குன்றியபோது, அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். அந்தச் சேது அம்மாளும் பின்னர் சிறந்த கதாசிரியை ஆனார். கண்ணால் பார்த்துத் திருத்த முடியாதவர் காதால் கேட்டுத்தான் திருத்தியிருக்க வேண்டும். அவருடைய சம்பாஷணைகளில் ஒரு சொல்லும் கூடுதலாகத் தொனிக்காமலிருப்பதற்கு அந்தக் காலத்துப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாமென்பது என் ஊகம். ஒரு பக்கக் கதை எழுத விரும்புகிறவர்கள், எழுதியதை வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்கட்டும். எந்த வாக்கியத்தில் மனம் நகர்ந்துபோகிறதோ அதை அடித்துவிடலாம்.

பிற்காலத்தில் இந்தச் சுருக்கம் சொற்களை எண்ணும் நிலைக்கு வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரப் பத்திரிகையொன்றில் ஸ்டீவ் மாஸ் என்பவர் 1987-இல் ஐம்பத்தைந்து சொற்களுக்குள் கதை எழுதும் போட்டியைத் தொடங்கினார். அந்த வடிவத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திப் பரப்பியவர் சுஜாதா. அதனால் பலர் உற்சாகமாக எழுத முன்வந்தார்கள் என்பது நல்லதே. எனினும் சொற்களை எண்ணிக் குறைப்பது வேறு, சொல்ல வேண்டாததைக் கண்டுகொள்வது வேறு. முன்னதை விரல்விட்டுச் செய்துவிடலாம். பின்னதற்கு வாசகரை நெருங்கி அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக ஒருவர், ஜப்பானிய ஆசிரியர் யாசுனாரி கவாபாட்டாவை எடுத்துக்காட்டலாம். 1968-இல் நோபல் பரிசு பெற்ற அவர், உள்ளங்கைக் கதைகள் என்று பெயரிட்டு நூற்றுக்கு மேற்பட்ட மிகச் சிறு கதைகளை எழுதினார். அவற்றில் பல காதலைப் பற்றியவை. அவருடைய நாட்டுச் சம்பிரதாயம் எதுவும் அறியாத நாம் மொழிபெயர்ப்பில் வாசித்தும் உருகுகிறோமே, அப்படியானால் பிரகத்தன் சாட்சி பொய்த்துவிட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றில் சில எனக்கு எவ்வளவு வாசித்தும் திறந்துகொள்ளவில்லை. திறந்துகொண்டவை எல்லாம், காத்திருத்தல், பொய் சொல்லிவிட்டு வருந்துதல், கொடுக்க வேண்டியதைத் தவறான ஆளிடம் கொடுத்துவிடுதல் முதலிய, எந்த நாட்டானும் வீட்டிலிருந்தே கொண்டுவரக்கூடிய அனுபவங்களின் மேல் நிற்பவை. பிரகத்தனிடமும் தாகம் இருந்திருக்கும். ஆகவே 203-ஆம் பாட்டை அவனிடம் சொல்லியிருந்தால் பாதியாவது புரிந்திருக்கும்.

முடிவைப் பற்றிய பேச்சு இவ்வாறு அடுத்த வாரத்துக்குப் போகிறது. எனினும் அதன் வாசலை மட்டும் இன்று தொட்டுவிடுகிறேன். நம் ஒரு பக்கக் காதல் கதைகளில் மிகவும் தேய்ந்துபோன முடிவு எல்லோருக்கும் தெரியும்: பல நாள் பின்தொடர்ந்தவனிடம் அவள் தானே வந்து பேசுகிறாள், அவன் நெஞ்சு படபடக்கிறது, அவள் “அண்ணா” என்று அழைத்துவிடுகிறாள். வாசகர் ஒரு கணம் திடுக்கிடுகிறார், மறுகணம் மறந்துவிடுகிறார். ஏனென்றால் அந்தத் திருப்பம் இருவரில் ஒருவருடைய மனத்தையும் நமக்குக் காட்டவில்லை. 1905-ஆம் வருஷக் கிறிஸ்துமஸை ஒட்டி நியூயார்க் பத்திரிகையொன்றில் ஓ. ஹென்றி எழுதிய கதையிலும் கடைசியில் திருப்பந்தான் இருக்கிறது; மனைவி கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள், கணவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்குகிறான். அங்கே திருப்பத்தை அகற்றினால் அந்த இருவருடைய அன்பும் நமக்குத் தெரியாமலே போய்விடும். இந்த வித்தியாசத்தையும், திருப்பமே இல்லாமல் முடியும் கதைகளையும் அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம். தாங்கள் வாசித்த ஒரு பக்கக் காதல் கதைகளில் இன்றும் மறக்காத கடைசி வரி ஏதேனும் இருந்தால், நேயர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பட்டும். அவற்றையும் வைத்துக்கொண்டே பேசலாம்.

(தொடரும்)